நாற்பத்திரண்டாவது ஸ்லைடு

…நிற்கட்டும், இன்னும் பத்து நிமிடம் நின்றால் கால் ஒன்றும் தேய்ந்துபோகாது, ஏழு வருடமாக நான் நிற்கவில்லையா, அப்போது யார் வந்து எனக்கு நாற்காலி போட்டார்கள்… என் மேலதிகாரி, அவன் விடுகிற மூச்சு என் பிடரியில் படுகிறது, கையில் அந்தக் கண்ணாடி ஃபைல், அதைத் திறந்து மூடித் திறந்து மூடி ஒரு சத்தம், அதற்குள் என் பதவி உயர்வு லெட்டர் இருக்கிறது, என் பெயரும் குழுத் தலைவர் என்ற இரண்டு வார்த்தையும் அச்சடித்து, கீழே கையெழுத்துக்கான இடம் மட்டும் வெள்ளையாக. பேனா அவன் சட்டைப் பையில். பைக்கும் ஃபைலுக்கும் நடுவே ஒரு சாண் இருக்குமா, அந்த ஒரு சாணைக் கடக்க அவனுக்கு ஏழு வருடம் போதவில்லை. மணி பதினொன்று பத்து. ஸ்கிரீனில் எதுவும் அசையவில்லை, பத்து நாற்பத்தொன்றிலிருந்து இப்படியேதான் இருக்கிறது, இந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடம் முழுக்க அப்படியே உறைந்து கிடக்கிறது, மாடியில் திசு ஸ்லைடுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து இது கெட்ட கட்டியா வெறும் கட்டியா என்று சொல்லுகிற ஒரே ஒரு டாக்டரம்மா, அடுத்த ஸ்லைடு எது என்று கம்ப்யூட்டர் சொல்லாததால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு மணிக்கு மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். சர்வருக்குள் போய்ப் பூட்டைத் தொடும் அனுமதி இந்த அலுவலகத்தில் இரண்டே பேருக்கு, இன்னொருத்தி பிரசவ விடுப்பில் இருக்கிறாள், மிச்சம் நான். என்ன ஆச்சு அக்கா என்று அவன் முதல் தடவை கேட்டபோது நான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பார்க்கலாம் சார் என்றேன். அது அவனுடைய வார்த்தை. அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே பார்க்கலாம்தான், லீவு கேட்டால் பார்க்கலாம், ஃபேன் ஓடவில்லை என்றால் பார்க்கலாம், நான் அந்த வார்த்தையைச் சொன்னதும் அவன் முகம் போன போக்கு இருக்கிறதே… ஏழு வருடத்தில் டீ இவ்வளவு ருசியாக இருந்ததில்லை.

காலையில் வீட்டிலும் இதேதான் நடந்தது, பெரியவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், துண்டு சின்னவள் கையில், நீ துண்டைக் கொடு நான் கதவைத் திறக்கிறேன் என்று உள்ளேயிருந்து ஒரு குரல், நீ கதவைத் திற நான் துண்டைக் கொடுக்கிறேன் என்று வெளியேயிருந்து ஒரு குரல், இரண்டு பேருமே சரியாகத்தான் பேசினார்கள், பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் விட்டுத்தள்ளு என்றார், அவருக்கு எல்லாமே விட்டுத்தள்ளுதான். நான் போய்ச் சின்னவள் கையிலிருந்து துண்டைப் பிடுங்கிக் கதவிடுக்கில் திணித்தேன், யாராவது ஒருத்தர் கையிலிருப்பதைப் பறித்தால்தான் இது அவிழும், பறிகொடுத்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டு இன்னும் என்னோடு பேசவில்லை. இங்கே சர்வருக்குள்ளும் அதுதான், இரண்டு புரோகிராம், ஒன்று வரிசை, டாக்டரம்மாவுக்கு அடுத்த ஸ்லைடை எடுத்துக்கொடுப்பது, இன்னொன்று தொகுப்பு, இன்றைக்கு எத்தனை பார்த்தோம் எவ்வளவு சீக்கிரம் பார்த்தோம் என்று கலர் கலராகப் படம் போடுவது. இரண்டுக்குமே வந்த ஸ்லைடுகளைக் குறிக்கும் பதிவேட்டின் பூட்டும் வேண்டும், ரிசல்ட் எழுதும் முடிவேட்டின் பூட்டும் வேண்டும், ஒரு பூட்டு ஒரு நேரத்தில் ஒருத்தர் கையில்தான் இருக்கும். வரிசை முதலில் பதிவேட்டைப் பூட்டிக்கொண்டு அப்புறம் முடிவேட்டுக்குக் கை நீட்டும். தொகுப்பு தலைகீழ், முடிவேட்டைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டுக்குக் கை நீட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் தீர்ந்தது கதை, ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் விடுவான் என்று நின்றுகொண்டே இருக்கும், கோபமும் வராது அலுப்பும் வராது. என்னையும் அவனையும் போலத்தான் என்று சொல்ல வந்தேன், ஆனால் எங்களுக்குக் கோபம் வரும்.

தொகுப்பு வழக்கமாகக் காலை ஆறு மணிக்கு ஓடும், அப்போது வரிசை ஓடாது, அதனால் ஒரு வம்பும் இல்லை. இரண்டு வாரம் முன்பு கூட்டம் போட்டு அவன்தான் சொன்னான், ஆய்வுக்கு வருபவர்களுக்கு அன்றைய நிலவரம் சுடச்சுடக் காட்ட வேண்டும், அதனால் அன்று பத்தரை மணிக்குத் தொகுப்பை ஓட்டுவோம் என்று. அவன் வாய் மூடுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டும் மோதிக்கொள்ளும், முட்டிக்கொண்டு நிற்கும், இரண்டு வரியை மேலே கீழே மாற்றி எழுதினால் சரியாகிவிடும், ஐந்து நிமிட வேலை. அவன் சுற்றிப் பார்த்து யாருக்காவது ஏதாவது சந்தேகமா என்றான். நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கைச் சுண்டுவிரலில் சாயம் உரிந்திருந்தது, அதை நன்றாக நினைவிருக்கிறது. உறுத்தியதா என்று கேட்டால் இல்லை, கொஞ்சமும் இல்லை, அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். யாரும் சாகப்போவதில்லை, ஆபரேஷன் மேசையிலிருந்து வருவது இந்த வரிசைக்கே வராது, நேராக டாக்டரம்மா கைக்குப் போய்விடும், மற்ற ஸ்லைடெல்லாம் கண்ணாடிக்குள் பத்திரமாக இருப்பவை, ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன குடிமுழுகிவிடும்? இதையெல்லாம் நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன், நல்லவளாக இருந்துகொண்டே பழிவாங்க வேண்டும் என்றால் இவ்வளவு யோசிக்கத்தான் வேண்டும்.

“அக்கா, முதல்ல இதைச் சரி பண்ணுங்க. லெட்டர் எங்கயும் ஓடிடாது, கையிலதானே இருக்கு.”

“கையெழுத்துப் போட்டு டேபிள்ல வைங்க சார், சரி பண்றேன்.”

இது மூன்றாவது தடவை. அவன் இன்னும் அக்கா என்கிறான், நான் சார் என்கிறேன், இரண்டிலும் மரியாதை கிடையாது. இவன் இங்கே சேர்ந்த புதிதில் ஒரு பூட்டைப் போட்டால் திறக்க வேண்டும் என்பதைக்கூட நான்தான் சொல்லிக்கொடுத்தேன், மறந்து மறந்து போவான், எல்லோரும் என்னைப் பூட்டக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததே இவனால்தான். அப்புறம் இவன் மேலே போனான், சரி, போகட்டும். முதல் தடவை எனக்கு வர வேண்டியது வெளிக் கிளையிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது, அங்கே கிளையை மூடிவிட்டார்களாம், அவசரம். இரண்டாவது தடவை யாரோ பெரிய இடத்துச் சிபாரிசு. ஒருத்தர் வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டினார், அவருக்கு அவசரம், இன்னொருத்தர் வீட்டில் கஷ்டம், அவருக்கும் அவசரம், ஐந்தாவதாகப் போன வருடம் நானே உட்காரவைத்துப் பழக்கிய பெண், அவளுக்கு என்ன அவசரம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரு தடவைகூட எனக்கு இல்லை என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். அடுத்த தடவை உங்களுக்குத்தான் அக்கா… கல்லூரியில் இதற்குப் பட்டினி என்று பெயர் வைத்துப் பாடம் நடத்தினார்கள், ஒரு புரோகிராம் தன் முறைக்காகக் காத்திருக்கும், அதை யாரும் துரத்தமாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதைவிட அவசரமான இன்னொன்று வந்து முன்னால் நிற்கும், அப்படியே காலத்துக்கும். அதே பாடத்தில் மருந்தும் உண்டு, எத்தனை பேர் ஒருத்தரை முந்தலாம் என்று ஒரு எல்லை வைக்க வேண்டும், பத்துப் பேரோ ஆயிரம் பேரோ, எண் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு எண் இருக்க வேண்டும். ஐந்து மார்க் கேள்வி. நான் ஐந்தும் வாங்கினேன்.

வாளிச் சத்தம் கேட்கிறது, ஆயாம்மா வருகிறாள். தினமும் இந்த நேரத்துக்கு எங்கள் மாடியைத் துடைப்பவள், குனிந்து துடைத்துக்கொண்டே என் மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து, கண்ணு, என் ரிப்போர்ட்டு ஏதும் வந்துச்சா என்று கேட்பாள், கழுத்தோரம் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி, ஊசி போட்டு எடுத்து ஸ்லைடு செய்து கீழே கொடுத்திருக்கிறார்கள், கொடுத்து எத்தனை நாள் இருக்கும், நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வரும் ஆயாம்மா என்பேன். சரி கண்ணு என்று அடுத்த மேசைக்குப் போய்விடுவாள். இன்று வந்தாள், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வாளியை வைத்தாள், காலைத் தூக்கு கண்ணு என்றாள், தூக்கினேன், அவனிடம் கொஞ்சம் தள்ளிக்கங்க சார் என்றாள், அவன் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளி நின்றான், அவள் எங்கள் சண்டைக்கு நடுவே ஒரு சதுரம் துடைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். கேட்கவில்லை. ரிப்போர்ட்டைப் பற்றி இன்று அவள் கேட்கவில்லை… மறந்துவிட்டாளா? கட்டியை யாராவது மறப்பார்களா? எனக்குத் தெரியும் இது என்னவென்று, ஐந்தாவது தடவைக்குப் பிறகு நானும் கேட்பதை நிறுத்தினேன், நம்பிக்கை போய்விட்டது என்றில்லை, கேட்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நாமே விட்டுவிடுவோம். கடைசியாக நேற்றுக் கேட்டாள். நேற்று நான் வரும் ஆயாம்மா என்றா சொன்னேன்? இல்லை. நேற்று ஏதோ வேலையில் இருந்தேன், ஸ்கிரீனிலிருந்து தலையைத் திருப்பாமல், பார்க்கலாம் என்றேன்.

டீ ஆறிவிட்டது. பின்னால் ஃபைலின் சத்தம் நின்றிருக்கிறது, அவன் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் பேசுகிறான், குரலைத் தாழ்த்தி, பழைய நாட்களில் பேசுகிற மாதிரி. ரெண்டுல ஒண்ணைக் கொன்னாப் போதும்தானே அக்கா என்கிறான், பரவாயில்லை, அந்த அளவுக்குப் பாடம் நினைவிருக்கிறது. ஆமாம், ஒன்றை நிறுத்தினால் அதன் கையிலிருக்கும் பூட்டு விடுபடும், மற்றது ஓடிவிடும். தொகுப்பை நிறுத்தினால் டாக்டரம்மாவுக்கு ஸ்லைடு போக ஆரம்பிக்கும், ஆனால் பன்னிரண்டு மணிக்கு இவனிடம் காட்டப் படம் இருக்காது. வரிசையை நிறுத்தினால் படம் வந்துவிடும், ஆனால் வரிசையை மறுபடி ஏற்ற மூன்று மணி நேரம், டாக்டரம்மா இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார், இன்றைய நாள் போச்சு.

“வரிசையை நிறுத்திடுங்க அக்கா. ஒரு நாள்தானே, நாளைக்குப் பாத்துக்கலாம். இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

பேனாவை எடுத்துவிட்டான். மூடியைத் திருகுகிறான், ஃபைலை என் மேசையில் வைத்து லெட்டரை வெளியே இழுக்கிறான், ஏழு வருடம் ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கிறது, ஜெயித்துவிட்டேன், அவன்தான் முதலில் விட்டான், நான் விடவில்லை… ஒரு பொத்தான். வரிசையின் எண்ணை அடித்துவிட்டு ஒரு பொத்தான். விரலைக்கூட வைத்துவிட்டேன். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் வரிசைக்குள் யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்ப்பது என் பழக்கம், எதைக் கொல்வதானாலும் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொல், இதையும் இவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆயாம்மா அடுத்த மேசைக்கு அடியில் குனிந்திருந்தாள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை முன்னால் ஆடியது, அட்டைக்குப் பின்னால் மடித்துச் செருகிய சீட்டில் நீல மசியில் அவள் ஸ்லைடின் எண் இருந்தது. தினமும் அது என் கண்ணெதிரே ஆடியிருக்கிறது. அடித்தேன். கழுத்துத் திசு, சாதாரணம், நிலை காத்திருப்பு, இருபத்து மூன்று நாள். இருபத்து மூன்று! சாதாரண ஸ்லைடு மூன்று நாளில் போய்விடுமே, இது எப்படி… பட்டியலைக் கீழே இழுத்தேன், சாதாரணம், சாதாரணம், இருபத்தைந்து நாள், இருபத்தொன்பது, முப்பத்து நான்கு. போன மாதம் தனி அறைகள் வைத்த புதுக் கட்டடம் திறந்தார்களே, அங்கேயிருந்து வருவதெல்லாம் அவசரம் என்று முத்திரையோடு வருகிறது, ஒரு நாளைக்கு நாற்பதுக்கு மேல், டாக்டரம்மா ஒரு நாளைக்குப் பார்ப்பது நாற்பது. மிச்சப்பேருக்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் முறை வரவில்லை, அவ்வளவுதான்.

வராமல் எப்படிப் போகும், நான்தான் ஒரு வரி எழுதியிருந்தேனே, சேர்ந்த வருடமே, ஒரு நாள் காத்திருந்தால் ஒரு படி ஏறும் என்று, பத்து நாள் காத்திருந்த சாதாரணமும் அவசரமும் ஒன்றுதான், அதற்கு மேல் யாரும் முந்த முடியாது, அந்த ஒரு வரிக்காக அன்று எவ்வளவு பெருமைப்பட்டேன்… எழுதியவள்தான் அதைத் தூங்கவும் வைத்தாள். இரண்டு வருடம் முன்பு, நான்காவது தடவை என்னைத் தாண்டிப்போன அதே வாரம், இவன் என் மேசைக்கு வந்து, பெரிய ஆட்களோட ஸ்லைடு தாமதமாகுதாம், அந்த வரியை மட்டும் கொஞ்ச நாளைக்கு எடுத்துடுங்க அக்கா என்றான். வாதாடியிருக்கலாம். டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவர் இவனைப் பிடித்துக் காய்ச்சியிருப்பார். நான் சொல்லவில்லை. செய்து பட்டுக்கொள்ளட்டும், கீழே காத்திருப்பவர்கள் ஒரு மாதத்தில் புகார் எழுதிக் குவிப்பார்கள், அது இவன் தலையில் விடியும், நான் டீ குடித்துக்கொண்டே பார்ப்பேன் என்று, சந்தோஷமாக, அந்த வரிக்கு முன்னால் ஒரே ஒரு குறி போட்டேன். குறி போட்டால் வரி அங்கேயே இருக்கும், ஆனால் ஓடாது. பக்கத்தில் மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயருக்கான இரண்டு எழுத்து, காரணம் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினால் உஷாராகிவிடுவான் என்று ஒன்றுமே எழுதாமல் விட்டேன். அவன் வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. புகார் ஒன்றுகூட வரவில்லை, அதை நான் எதிர்பார்க்கவில்லை, புகார் எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவசர முத்திரை இருந்தது, முத்திரை இல்லாதவர்கள் சரி கண்ணு என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் நெரிசல் தணிந்து சாதாரணமும் மூன்று நாளில் போக ஆரம்பித்தது, நான் அதை மறந்தும்விட்டேன். அவனுக்கு வெட்டிய குழியில் இவ்வளவு பேர் விழுந்து கிடக்கிறார்கள், அவன் மட்டும் மேலே நின்று பேனா மூடியைக் கையில் உருட்டிக்கொண்டிருக்கிறான்.

ஆயாம்மாவின் ஸ்லைடுக்கு அவசர முத்திரை குத்திவிடலாம், இரண்டு விநாடி, அடுத்து அதுதான் டாக்டரம்மா மேசையில் இருக்கும். கை அதற்குத்தான் முதலில் போனது. அப்புறம் பார்த்தால் அவளுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர், அவளைவிட அதிக நாள் காத்திருப்பவர்கள், அவர்கள் என் மேசைக்கு அடியில் துடைக்க வராதவர்கள், எனக்கு முகம் தெரியாத ஒரே குற்றத்துக்கு… இவன் என்னைத் தாண்டி ஒவ்வொருத்தரையும் அனுப்பியபோது இவனுக்கும் இப்படித்தான் தெரிந்த முகமாக இருந்திருக்குமோ? சீ, இவனுக்காக நான் ஏன் யோசிக்கிறேன். தொகுப்பின் எண்ணை அடித்தேன், நிறுத்து என்றேன். பத்து நாற்பத்தொன்றிலிருந்து உறைந்து கிடந்த ஸ்கிரீன் ஒரு தடவை உதறிக்கொண்டு நகர ஆரம்பித்தது. அக்கா, அது இல்ல, மத்தது, என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பழைய வரியைத் தேடிப் பிடித்துக் குறியை அழித்தேன், சேமித்தேன், பட்டியல் ஒரு குலுக்கலில் மாறியது, முப்பத்து நான்கு நாள் மேலே வந்து நின்றது, அவசரங்களெல்லாம் கீழே போயின. இது அவர்களுக்காகச் செய்ததா, பன்னிரண்டு மணிக்கு இவன் வெறும் கையோடு நிற்பதைப் பார்ப்பதற்காகவா? நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், குறியை அழித்த அந்த நொடியில் நான் நினைத்தது இவன் முகத்தைத்தான். லெட்டர் மேசையில் கிடக்கிறது. அதில் ஒரு எழுத்து, பாதி வளைவு, ஆரம்பித்து நிறுத்திய மசி.

கணக்குப் போட்டேன், இன்று இரண்டு மணிக்குள் பதினாறு முடியும், மிச்சம் நாளை காலை எட்டு மணியிலிருந்து. ஆயாம்மா என்று கூப்பிட்டேன், அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ரிப்போர்ட் நாளைக்கு மத்தியானம் வந்திடும், உங்களுக்கு முன்னாடி நாற்பத்தொரு பேர் இருக்காங்க, அதுக்கு மேல யாரும் நடுவுல வரமாட்டாங்க என்றேன். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று நான் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது, ஆனாலும் அவள் முகம் தெளிந்தது, நாற்பத்தொண்ணுதானா என்றாள், பஸ்ஸுக்கு எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள் என்று பார்ப்பவள் மாதிரி. நான் ஏழு வருடமாகக் கேட்டதும் இந்த மாதிரி ஒன்றைத்தானே, ஒரு தேதி, தூரமாக இருந்தாலும் சரி… அவள் போகவில்லை. கழுத்தோரத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே நின்றாள்.

“இத்தனை நாளா யாரு கண்ணு நிறுத்தி வெச்சிருந்தது?”

கோபமே இல்லாமல் கேட்டாள், சும்மா தெரிந்துகொள்வதற்காக. என் கை கீபோர்டிலிருந்து எழுந்தது, ஆள்காட்டி விரல் நீண்டது, தோளுக்கு மேலே பின்பக்கமாக, ஏழு வருடமாக எந்தப் பக்கம் நீட்ட வேண்டும் என்று அந்த விரலுக்கு நன்றாகத் தெரியும், முக்கால் தூரம் போயும்விட்டது, அப்போது ஸ்கிரீனில் அந்த வரி இன்னும் திறந்தே கிடந்தது, பக்கத்தில் என் இரண்டு எழுத்து, இரண்டு வருடம் முந்தைய தேதி, காரணம் என்ற இடம் வெறுமையாக. பின்னால் அவன் பேனாவைத் திருகி மூடுகிற சத்தம் கேட்டது. ஆயாம்மா அவனையும் பார்க்கவில்லை, ஸ்கிரீனையும் பார்க்கவில்லை, பாதியில் நிற்கிற என் விரலையே பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.